பருத்தி மானியப் பட்டியலைக் கேட்டால் ‘தனிநபர் தகவல்’ என்கிறார்கள்: இனி என்ன வழி?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் மூன்றரை ஏக்கர் கரிசலில் மானாவாரிப் பருத்தி போடுகிறேன். போன பருவத்தில் வேளாண் துறையின் பருத்தி இயக்கத் திட்டத்தில், விவசாயி நிலத்திலேயே சாகுபடி முறையைச் செய்து காட்டும் செயல்விளக்கத் திடலுக்கு என் பெயரை எழுதிக்கொண்டு, சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல்களை வாங்கினார்கள். நுண்ணூட்டக் கலவை மட்டும் கைக்கு வந்தது. மீதி மானியம் கணக்கில் ஏறும் என்றார்கள், ஏறவில்லை. விசாரித்தால், “உங்கள் பெயரில் பணம் போய்விட்டது” என்கிறார்கள். பருத்தியே போடாதவர்கள் சிலரும் பட்டியலில் இருப்பதாக ஊரில் பேச்சு. தகவல் உரிமைச் சட்டத்தில் பயனாளிகள் பட்டியலைக் கேட்டேன். “தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)-இன்படி வழங்க இயலாது” என்று ஒருவரிப் பதில் வந்து மூன்று வாரம் ஆகிறது. சட்டமே மாறிவிட்டது என்கிறார்கள். மழையில் காய் அழுகியதற்கான நிவாரணமும் எனக்கு வரவில்லை. இனி வழி உண்டா?

பதில்: வழி உண்டு ஐயா. ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். மறுப்புக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தாக வேண்டும். மூன்று வாரம் போய்விட்டது என்றால் உங்களிடம் மிச்சம் இருப்பது ஒன்பது நாள்தான். இதைப் படித்து முடித்ததும் மேல்முறையீட்டை எழுதி, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிடுங்கள். கட்டணம் எதுவும் இல்லை. மறுப்புக் கடிதம் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் மேல் உள்ள தபால் முத்திரைதான் உங்களுக்கு எப்போது கிடைத்தது என்பதற்குச் சாட்சி.

உங்கள் கடிதத்தில் மூன்று சங்கதிகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. உங்கள் பெயரில் போன பணம் எங்கே என்பது ஒன்று. ஊர்ப் பட்டியல் இரண்டாவது. மழை நிவாரணம் மூன்றாவது. மூன்றுக்கும் அலுவலகமும் வேறு, கேட்கும் முறையும் வேறு. ஒரே மனுவில் மூன்றையும் போட்டால் ஒன்றுக்கு வரும் மறுப்பு மற்ற இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

உங்கள் பணத்திலிருந்து தொடங்குவோம். இது உங்களைப் பற்றிய தகவல். உங்களிடமே ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லி மறைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. மனு போடுவதற்கு முன்னால், கையில் எல்லா வங்கிப் பாஸ்புக்குகளையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போய் ஒரு கேள்வி கேளுங்கள்: “அரசு நேரடி மானியத்துக்கு என் ஆதார் எந்த வங்கியில் இணைந்திருக்கிறது?” இதை ‘ஆதார் கொடுத்திருக்கிறேனே’ என்பதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வங்கியில் அடையாளச் சான்றாக ஆதார் நகல் கொடுப்பது வேறு. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் இணைப்புப் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எதிராக ஒரு வங்கியின் பெயர் பதிவாவது வேறு. ஆதார் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்த கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. அந்த இணைப்புப் பட்டியலில் கடைசியாக எந்த வங்கி பதிவாகியிருக்கிறதோ அங்கே போய்விடும்.

கூட்டுறவுச் சங்கக் கணக்குப் பாஸ்புக்கைக் கொடுத்தவருக்கு, நகைக்கடனுக்காக எப்போதோ திறந்த வேறொரு வங்கிக் கணக்கில் பணம் கிடப்பது அடிக்கடி நடக்கிறது. செல்பேசி எண் வாங்கும்போது கைரேகை வைத்தவர்களுக்குத் தெரியாமலேயே ஒரு கணக்குத் திறக்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்த விவகாரம் 2017-இல் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மைஆதார் இணையதளத்தில் உங்கள் ஆதார் எண்ணையும் செல்பேசிக்கு வரும் கடவு எண்ணையும் கொடுத்தால், இணைந்திருக்கும் வங்கியின் பெயரும் இணைத்த தேதியும் தெரியும். இ-சேவை மையத்திலும் பார்த்துச் சொல்வார்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் யார் மேலும் புகார் எழுத வேண்டாம்.

அந்த வங்கியிலும் பணம் இல்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். முதலாவது, பணம் அனுப்பப்பட்டுத் திரும்பியிருக்கும்: கணக்கு செயலற்றுப் போயிருக்கும், பெயர் ஒத்துப்போயிருக்காது, கிளை இணைப்பில் வங்கியின் குறியீட்டு எண் மாறியிருக்கும். திரும்பிய பணம் துறையின் கணக்கிலேயே நிற்கும். யாராவது திரும்ப அனுப்பினால்தான் வரும். இரண்டாவது, உங்கள் மானியம் பணமாக இல்லாமல் பொருளாகவே கணக்கில் எழுதப்பட்டிருக்கும்: விதை, உயிர் உரம், நுண்ணூட்டக் கலவை, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கான இனக்கவர்ச்சிப் பொறி என்று எல்லாமே உங்களுக்குக் கொடுத்ததாக விநியோகப் பதிவேட்டில் இருக்கலாம். “உங்கள் பெயரில் போய்விட்டது” என்ற பதில் பல சமயம் இதைத்தான் குறிக்கிறது. மூன்றாவது, உங்கள் பெயருக்கு நேரே வேறொருவர் கணக்கு எண் ஏற்றப்பட்டிருக்கும். இந்த மூன்றில் எது என்பதை வாய்ப்பேச்சில் கண்டுபிடிக்க முடியாது. பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு முதல் மனு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். இப்படிக் கேளுங்கள்:

“எனது பெயரிலும், எனது பட்டா எண் …, சர்வே எண் … பேரிலும், 2024–25, 2025–26 நிதியாண்டுகளில் வழங்கப்பட்ட அனைத்து வேளாண் மானியங்கள் குறித்து: 1. திட்டத்தின் பெயர், அதற்கான அரசாணை எண், நாள். 2. ஒவ்வோர் இனத்திலும் பொருளின் பெயர், அளவு, மதிப்பு, வழங்கிய நாள். 3. விநியோகப் பதிவேட்டில் எனது கையொப்பம் அல்லது கைரேகை உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல். 4. பணமாக வழங்கப்பட்டிருந்தால் தொகை, அனுப்பிய நாள், வங்கிப் பரிவர்த்தனை எண், வங்கியின் பெயர், எனது கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள். 5. தொகை திரும்பி வந்திருந்தால் திரும்பிய நாள், காரணம். 6. எனது நிலத்தில் செயல்விளக்கத் திடல் அமைத்ததற்கான கள ஆய்வு அறிக்கை, புகைப்படம் ஆகியவற்றின் நகல்.”

நான்காவது இனத்தில் உள்ள பரிவர்த்தனை எண் கையில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த எண்ணோடு வங்கிக்குப் போனால் பணம் எந்தக் கணக்கில், எந்த நாளில் விழுந்தது என்பதை வங்கி தட்டிக்கழிக்க முடியாது. மூன்றாவது இனம் அதைவிட முக்கியம். கையெழுத்து உங்களுடையது இல்லை என்றால் பிரச்சினை ‘மானியம் வரவில்லை’ என்பதிலிருந்து வேறு தளத்துக்குப் போய்விடுகிறது. பொருள் வாங்கும்போது வெற்றுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டீர்களா என்பதையும் நிதானமாக நினைத்துப் பாருங்கள். அளவு எழுதாத இடத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு நிரப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிப் போட்டிருந்தால் அதையும் புகாரில் உள்ளபடி எழுதிவிடுவதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

‘ஏன் எனக்குப் பணம் வரவில்லை?’, ‘இதற்கு யார் பொறுப்பு?’ என்றெல்லாம் மனுவில் கேட்காதீர்கள். சட்டம் தருவது ஏற்கெனவே ஆவணத்தில் இருக்கும் தகவலை. காரணம் கேட்கும் கேள்விக்கு ‘தகவல் என்ற வரையறையில் வராது’ என்று எழுதி மூடிவிட அலுவலகத்துக்கு ஒரு வாய்ப்பைக் கொடுத்ததாகிவிடும். பதிவேட்டின் பெயரைச் சொல்லி நகலைக் கேளுங்கள்.

இனி பட்டியல். சட்டம் மாறியது உண்மைதான். முன்பு 8(1)(ஜே) பிரிவு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலையும், தேவையில்லாமல் அந்தரங்கத்தில் தலையிடும் தகவலையும் மட்டுமே மறுக்க அனுமதித்தது; பெரும் பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்தது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3)-ஆம் பிரிவு இதை வெட்டிச் சுருக்கி, ‘தனிநபர் தகவல் தொடர்பான தகவல்’ என்ற ஒற்றை வரியாக்கிவிட்டது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. மக்கள் பணத்தைக் கண்காணிக்கிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. அதில் சந்தேகமே இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய மேல்முறையீட்டு மாதிரிகள் பெரும்பாலும் பழைய வாசகத்தையே மேற்கோள் காட்டுகின்றன. அவற்றை அப்படியே எழுதி அனுப்பினால் தோற்பீர்கள்.

ஆனால் அந்த வெட்டு தொடாமல் விட்ட இடங்கள் இருக்கின்றன. உங்கள் வழக்கு அங்கேதான் நிற்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு, யாரும் கேட்காமலே ஒவ்வோர் அலுவலகமும் தானாக வெளியிட வேண்டிய 17 இனங்களைச் சொல்கிறது. அதில் 12-ஆவது: மானியத் திட்டங்களை நிறைவேற்றும் முறை, ஒதுக்கிய தொகை, அத்திட்டங்களின் பயனாளிகள் பற்றிய விவரங்கள். இந்த வரியில் ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை. நாடாளுமன்றம் 2005-இல் சட்டம் இயற்றும்போதே மானியப் பயனாளி விவரத்தைத் தனியாகப் பெயர் சொல்லி வெளியிட வைத்தது. 2023-இல் வேறொரு பிரிவைத் திருத்தியபோது இதைத் தொடவில்லை. ஒரு பிரிவு ‘வெளியிடு’ என்று குறிப்பாகச் சொல்லும்போது, பொதுவாக எழுதப்பட்ட இன்னொரு பிரிவைக் காட்டி மறைக்கக் கூடாது என்பதுதான் உங்கள் முதல் வாதம்.

இரண்டாவது, 8(2)-ஆம் பிரிவு. மறுப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் கிடைக்கும் பொதுநலன் அதிகம் என்றால், 8(1)-இல் சொன்ன எந்தக் காரணம் இருந்தாலும் தகவலைத் தரலாம் என்று அது சொல்கிறது. இதுவும் அப்படியே இருக்கிறது. ஒருவரிப் பதிலில் அந்த எடைபோடல் நடந்ததற்கு அடையாளமே இல்லை.

மூன்றாவது, தரவுப் பாதுகாப்புச் சட்டமே. ஒரு சட்டத்தின் கீழ் வெளியிட வேண்டிய கடமை உள்ளவர் வெளியிட்ட தனிநபர் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3-ஆம் பிரிவில் இருக்கிறது. இந்தப் பிரிவைச் சுட்டித்தான், நலத்திட்டங்கள் தொடர்பாகச் சட்டப்படி வெளியிட வேண்டிய விவரங்கள் தொடர்ந்து வெளியாகும் என்று 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் விளக்கம் அளித்தார். அமைச்சரின் விளக்கம் சட்டம் ஆகிவிடாது. ஆனால் அரசின் நிலைப்பாடு இதுதான் என்று எடுத்துக்காட்டலாம்.

நான்காவது வாதம் சாதாரண அறிவுக்குப் பட்டது. பி.எம். கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் வருகிறது. உங்கள் ஊரில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வாங்கும் விவசாயியின் பெயரை மத்திய அரசே ஊரறிய வைத்திருக்கும்போது, அதே விவசாயி வாங்கிய பருத்தி மானியம் மட்டும் எப்படி ரகசியம்? அந்தத் தளத்தில் உங்கள் ஊர்ப் பக்கத்தை அச்செடுத்து மேல்முறையீட்டோடு இணையுங்கள்.

வெளிநாட்டுச் செய்தி ஒன்றும் இங்கே பொருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவில் பருத்தி மானியம் பெற்றவர்களின் பெயரும் தொகையும் கேட்டு ஒரு நாளிதழ் தொடுத்த வழக்கில், 1996-இல் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் வெளியீட்டின் பக்கம்தான் நின்றது. 2001 முதல் ஒரு தன்னார்வ அமைப்பு அந்நாட்டு வேளாண் மானியம் முழுவதையும் பெயர்வாரியாக இணையத்தில் போட்டுவருகிறது. பெரிய பண்ணைகளுக்கே பெரும்பங்கு போகிறது என்று அங்கே எழுந்த விவாதத்துக்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம். ஐரோப்பாவில் சற்று வேறு. 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தனிநபர் பயனாளிகளின் பெயர்களை வேறுபாடு பார்க்காமல் மொத்தமாக வெளியிடுவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று தீர்ப்பளித்தது. அதன்பிறகு 2013-இல் விதியைத் திருத்தி, 1,250 யூரோவுக்குள் வாங்கும் சிறு விவசாயிகளின் பெயரை மட்டும் விலக்கிவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். இந்தத் தீர்ப்புகள் நம் தகவல் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்தரங்கமா, வெளிப்படைத்தன்மையா என்று ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை, எதை வெளியிடுவது எதை மறைப்பது என்று பிரிக்க முடியும் என்பதை அவை காட்டுகின்றன.

அந்தப் பிரிப்பை நீங்களே செய்து கொடுங்கள். உங்கள் பழைய மனுவில் ‘பயனாளிகளின் முழு விவரம்’ என்று கேட்டிருந்தால் தவறு அங்கே தொடங்கியிருக்கலாம். முழு விவரம் என்றால் ஆதார் எண், கணக்கு எண், செல்பேசி எண், சாதி, எல்லாம் வந்துவிடும். அவற்றைக் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை ஆதார் சட்டத்தின் 29(4)-ஆம் பிரிவு தடுக்கிறது. பட்டியலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற சிறு விவசாயிகள். அவர்கள் கணக்கு எண் ஊரெல்லாம் சுற்றினால் மோசடிக்காரர்களுக்குத்தான் கொண்டாட்டம். நமக்கு வேண்டியது பெயர், கிராமம், சர்வே எண், பரப்பு, பொருள் அல்லது தொகை, வழங்கிய நாள். இந்த ஆறே பத்திகள்.

முதல் மேல்முறையீட்டில் எழுத வேண்டியதன் சாரம் இது:

“பொதுத் தகவல் அலுவலரின் பதிலில் பிரிவு 7(8)-இன்படி தரவேண்டிய காரணம், மேல்முறையீட்டுக் கால அளவு, மேல்முறையீட்டு அலுவலர் விவரம் எதுவும் இல்லை. மறுப்பு நியாயமானது என்று நிறுவும் பொறுப்பு, பிரிவு 19(5)-இன்படி மறுத்தவருடையது. நான் கோருவது பிரிவு 4(1)(பி), 12-ஆம் இனத்தின்படி தானாகவே வெளியிட்டிருக்க வேண்டிய தகவல். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண், சாதி ஆகியவை எனக்குத் தேவையில்லை. பிரிவு 10-இன்படி அவற்றை நீக்கிவிட்டு மீதியை வழங்கலாம். பிரிவு 8(2)-இன்படியான பொதுநலன்: அரசு நிதி தகுதியானவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அந்தக் கிராமத்தவரே சரிபார்க்க வேறு வழியில்லை.”

பொதுநலனுக்குச் சான்று காட்ட வேண்டுமென்றால் தொலைவில் தேட வேண்டாம். 2020-இல் நம் மாநிலத்திலேயே பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்க்கப்பட்டு, 110 கோடி ரூபாய் அளவுக்குப் பணம் போனது தெரியவந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் பாதிப்பு அதிகம். ஒப்புதல் கடவுச்சொல்லை வெளியாட்கள் கையில் கொடுத்ததில் தொடங்கியது அது. கணினி வழியில் பணம் போகிறது, எனவே முறைகேடு நடக்காது என்ற நம்பிக்கை அந்த ஆண்டே உடைந்துபோனது. பட்டியலை ஏற்றுவது மனிதக் கைதான்.

முதல் மேல்முறையீட்டை 30 நாளில், தாமதத்துக்குக் காரணம் எழுதினால் 45 நாளில் முடிக்க வேண்டும். பதில் திருப்தியில்லை என்றாலோ பதிலே வராவிட்டாலோ, 90 நாளுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அங்கே விசாரணைக்கு வர நெடுநாள் ஆகும். அதனால்தான் அதை மட்டும் நம்பிக் காத்திருக்காமல், இன்றைக்கே இன்னொரு மனுவும் போடச் சொல்கிறேன். அந்த மனுவில் பெயரே வேண்டாம்.

பெயர் இல்லாத மனுவா என்று தோன்றலாம். மானியத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி பெயரில் தெரிவதைவிடப் பரப்பில்தான் சீக்கிரம் தெரியும். உங்கள் கிராமத்துக்கு, குறிப்பிட்ட நிதியாண்டுக்கு, பருத்தித் திட்டங்கள் ஒவ்வொன்றிலும் பயனாளிகள் எண்ணிக்கை, மொத்தப் பரப்பு, மொத்தத் தொகை, மானியம் வழங்கப்பட்ட சர்வே எண்கள், உட்பிரிவுவாரிப் பரப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். சர்வே எண் நிலத்தின் அடையாளம். ‘தனிநபர்’ என்று மறுப்பது கடினம். கூடவே வேளாண் விரிவாக்க மையத்தின் இருப்புப் பதிவேட்டில் பருத்தி விதையும் நுண்ணூட்டக் கலவையும் வந்த அளவு, போன அளவு உள்ள பக்கங்களையும் கேளுங்கள். அடுத்து, எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல், அதாவது கிராமக் கணக்கு எண் 2, அதில் அந்தப் பசலியில் பருத்தி என்று பதிவான சர்வே எண்களையும் பரப்பையும் வட்டாட்சியர் அலுவலகத்தில் தனி மனுவாகக் கேளுங்கள். பசலி ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை 1434, அடுத்தது 1435. அலுவலக நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், புரட்டாசியில் விதைத்த ஒரே பருவத்தின் செலவு இரண்டு நிதியாண்டுகளில் சிதறிக் கிடக்கலாம். இரண்டு ஆண்டுகளையும் கேட்காவிட்டால் பாதிக் கணக்குதான் வரும்.

இரண்டும் கையில் வந்ததும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். அடங்கலில் ஊருக்கே 60 ஏக்கர் பருத்தி, மானியப் பட்டியலில் 95 ஏக்கர் என்றால் யார் பெயரும் தெரியாமலே கேள்வி எழுந்துவிட்டது. மானியம் பெற்ற சர்வே எண் அடங்கலில் மக்காச்சோளம் என்றோ தரிசு என்றோ இருந்தாலும் அப்படியே. அந்த சர்வே எண்ணின் பட்டாதாரரைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் உடனே திருட்டுப் பட்டம் கட்டிவிட வேண்டாம். பட்டா அப்பா பெயரில் இருக்கும், பயிர் செய்வது மகனாக இருக்கும். குத்தகைக்கு எடுத்தவர் வாங்கியிருப்பார். அடங்கலைக் களத்துக்கு வராமலே போன வருடத்தைப் பார்த்து எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட அடங்கலில் உண்மையான பருத்தி விவசாயியே மக்காச்சோளக்காரர் ஆகிவிடுவார். உங்கள் சொந்த நிலத்துக்கு அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் விடுபட்டதற்கான காரணம் அங்கேயேகூட இருக்கலாம்.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். பக்கம் அதிகம் என்று இழுத்தடித்தால், பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்; அதுவும் சட்டம் தந்த உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. போகும்போது இன்னொருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ள ஒருவர், பதிவேட்டைப் புரட்ட ஒருவர். 30 நாள் தாண்டிக் கொடுத்தால் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. காரணமில்லாத தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கு ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

தகவல் வந்தபிறகு எங்கே கொண்டுபோவது? உங்கள் தனிப் பணத்துக்கு முதலில் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநருக்கு எழுத்தில் கொடுங்கள். பரிவர்த்தனை திரும்பியிருந்தால் அங்கேயே தீர்ந்துவிடும். மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும். பட்டியல் விவகாரத்துக்குக் கிராம சபை சரியான இடம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. ‘வேளாண் திட்டப் பயனாளிகள் பட்டியலை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்’ என்று ஒரு தீர்மானத்தை எழுதிக்கொண்டு போய்ப் பதிவேட்டில் ஏற்றச் செய்யுங்கள். கிராம சபையில் தனி மனிதர் பெயரை எடுத்துக் குற்றம் சாட்டாதீர்கள். சர்வே எண்ணையும் பரப்பையும் மட்டும் படியுங்கள். போலிக் கையெழுத்து என்று ஆவணத்தோடு தெரிந்தால், அது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் உரியது. அப்போது மூல மனு, பதில், தபால் ஒப்புகை என்று எல்லாவற்றிலும் ஒரு நகல் வீட்டிலும் ஒரு நகல் வேறிடத்திலும் இருக்கட்டும்.

கடைசியாக மழை நிவாரணம். இது வேளாண் துறை மானியம் அல்ல. வருவாய்த் துறை வழியாக வரும் பேரிடர் நிதி. மனுவை வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போடுங்கள். 2022–26 காலத்துக்கான விதிமுறைப்படி, பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய், பாசன வசதியுள்ள நிலத்துக்கு 17,000 ரூபாய், அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். உங்கள் மூன்றரை ஏக்கர் சுமார் 1.42 ஹெக்டேர், மானாவாரிக் கணக்கில் ஏறக்குறைய 12,000 ரூபாய். மாநில அரசு தன் நிதியிலிருந்து கூட்டித் தருவதும் உண்டு, எனவே அந்த நிவாரணத்துக்கான அரசாணையின் நகலையும் கேளுங்கள். வேளாண் அலுவலரும் கிராம நிர்வாக அலுவலரும் சேர்ந்து எடுத்த கூட்டுக் கணக்கெடுப்பில் உங்கள் சர்வே எண்ணுக்கு எத்தனை சதவீதம் சேதம் எழுதினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய ஒரே கேள்வி. 30 சதவீதம் என்று எழுதியிருந்தால் பணம் வராததற்குக் காரணம் அதுவே.

பயிர்க் காப்பீடு செய்திருந்தால் அது இன்னொரு தனிக் கணக்கு. பருத்திக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகாது. மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. பரவலான மகசூல் இழப்புக்கு உங்கள் வயலை மட்டும் பார்த்து இழப்பீடு தருவதில்லை, பகுதியில் சில வயல்களில் மாதிரிக்கு அறுவடை செய்து எடை பார்க்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் முடிவை வைத்துத்தான். ஆகவே அதற்கு வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்தில், உங்கள் வருவாய்க் கிராமத்துக்கு நடந்த பருத்திப் பரிசோதனைகளின் நாள், சர்வே எண், கிடைத்த எடை ஆகியவற்றைக் கேளுங்கள். காப்பீட்டு ரசீதில் பயிர்ப் பெயர் பருத்தி என்றும், சர்வே எண் உட்பிரிவோடும் சரியாக இருக்கிறதா என்று மனு எழுதும் முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.